மூன்று விதிகளும் நான்கு பேய்களும்: தெலுங்கு நாட்டுச் சேரிகள் தீய பழக்கம் களைந்த வரலாறு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இம்மலரின் வாயிலாக நம் இளைஞர்களுக்குச் சொல்லத்தக்க வரலாறு யாது என எண்ணிப் பார்த்தோம். மன்னர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் பாடநூல்களில் நிரம்ப உண்டு. நம்மைப் போன்ற மக்கள் தம் வாழ்வைத் தாமே திருத்திக்கொண்ட வரலாறோ அவற்றில் காண்பதற்கு அரிது. அத்தகைய ஒன்றை, நம் அண்டை நாடாகிய தெலுங்கு நாட்டிலிருந்து எடுத்து ஈண்டு வழங்குகின்றோம்.

தீய பழக்கத்தை விடுங்கள் என்று அறிவுரை கூறுவோர் எக்காலத்தும் உளர். விட்டவர்கள் எவ்வாறு விட்டார்கள் என்று ஆராய்வோர் மிகச் சிலரே. அறிவுரையால் மட்டும் பழக்கம் ஒழியுமாயின், கள்ளுக்கடைகள் என்றோ மூடப்பட்டிருக்கும். ஆகவே, கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்ற மாதிகர், மாலர் ஆகிய இரு சமுதாயத்தார், தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கங்களை எவ்வழியில் களைந்தனர், அதற்கு என்ன விலை கொடுத்தனர், எதில் வென்றனர், எதில் தோற்றனர் என்பவற்றை முறையாகக் காண்போம். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உறுப்பினராக உள்ளனர். எவரையும் ஒரு சமயத்திற்கு அழைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. நம் மக்கள் நடந்த பாதை ஒன்றை நம் மக்களுக்குக் காட்டுவதே நோக்கம்.

பழக்கமா, கட்டளையா?

மாதிகர் என்போர் தெலுங்கு நாட்டின் தோல் தொழிலாளர். தமிழகத்தில் அருந்ததியர் எனப்படுவோருக்கு உறவு முறையானவர். மாலர் என்போர் வயல் வேலையும் நெசவும் ஊர்க் காவலும் செய்து வந்தவர். இரு சாராரும் ஊருக்குப் புறத்தே தனித்தனிச் சேரிகளில் வாழ்ந்தனர்.

ஊரில் மாடு இறந்தால் மாதிகருக்கு ஆள் வரும். அவர்கள் சென்று அதனை அப்புறப்படுத்த வேண்டும். தோலைப் பதப்படுத்திக் கமலை இறைக்கும் சாலும், ஏருக்கு வாரும், உடையவனுக்குச் செருப்பும் தைத்துத் தர வேண்டும். ஊர்த் தெய்வத்திற்கு விழா எடுக்கும்போது தப்படிக்க வேண்டும். இதற்கு ஈடாக, அறுவடைக் காலத்தில் களத்தில் சிறிது தானியம் கிடைக்கும். இறந்த மாட்டின் இறைச்சியும் அவர்கள் பங்காகக் கருதப்பட்டது. விழா நாளில் எருமைப் பலியும் கள்ளும் கூடி வரும்.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊரார் இவற்றைக் காட்டி, இவர்கள் இழிந்த பழக்கமுடையவர்கள், ஆகவே தீண்டத்தகாதவர்கள் என்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. தீண்டாமை முன்னே நின்றது. பழக்கம் அதன் பின்னே கட்டப்பட்டது. நல்ல உணவு வாங்கக் கூலி இல்லாதவனுக்குச் செத்த மாட்டைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, அதை உண்டான் என்று அவனையே பழித்தனர். இறைச்சி உண்பது இழிவு என்று நாம் கூறவில்லை. உணவில் உயர்வு தாழ்வு கற்பிப்பதும் நமக்கு உடன்பாடு அன்று. அடைப்பான் முதலிய நோய்களால் மாண்ட மாட்டின் இறைச்சியைக் கூலியாகப் பெற்று உண்ண வேண்டிய நிலையே இழிவு. அந்த இழிவு கொடுத்தவனைச் சாருமேயன்றி உண்டவனைச் சாராது.

கள்ளும் சாராயமும் அவ்வாறே. கள்ளுக்கடைகளைக் குத்தகைக்கு விட்டு ஆப்காரி வருவாய் ஈட்டியது அரசு. சென்னை மாகாண அரசின் பெரிய வருவாய்களுள் அது ஒன்று. குடிப்பவன் பழிக்கப்பட்டான், குடிப்பித்தவன் வரி கொண்டான். எனவே, சேரியில் ஒரு பழக்கத்தை விடுவது என்றால், தனி மனிதன் தன் நாவை அடக்குவதோடு காரியம் முடியாது. ஊரின் கட்டளை ஒன்றை மீற வேண்டும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தல்லகொண்டபாட்டு மனிதர்

அமெரிக்க பாப்டிஸ்டு மிஷன் 1840 முதல் நெல்லூரில் பணியாற்றி வந்தது. கால் நூற்றாண்டு கழிந்தும் அதனைச் சேர்ந்தவர் மிகச் சிலரே. அமெரிக்காவில் இருந்தோர் இம்மிஷனை மூடிவிடலாம் என்று ஒரு முறைக்கு மேல் ஆலோசித்தனர். இந்நிலையில், ஜான் எவரெட் கிளஃப் என்பவர் 1866இல் ஒங்கோல் நகருக்கு வந்து சேர்ந்தார். அவர் அமெரிக்காவில் நில அளவைத் தொழில் பயின்றவர். 1867 சனவரி 1ஆம் நாள் ஒங்கோல் சபை எட்டே உறுப்பினருடன் அமைக்கப்பட்டது.

ஆயினும் இவ்வியக்கத்தைத் தொடங்கியவர் கிளஃப் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. ஒங்கோலுக்கு மேற்கே தல்லகொண்டபாடு என்ற சிற்றூரில் எர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகர் இருந்தார். தோல் வாணிகம் செய்தவர். மெய்ப்பொருளை நாடி யோக நெறியில் பயின்றவர்; தம்மைப் பின்பற்றும் சிலருக்குத் தாமே குருவாகவும் விளங்கியவர். வாணிகத்தின் பொருட்டு வடக்கே சென்றபோது கிறிஸ்தவப் போதனையைக் கேட்டு, அதனைத் தாமே தேடிச் சென்று, 1866இல் ஞானஸ்நானம் பெற்றார். கல்லாத சேரி மக்களுக்கு ஞானத் தேட்டம் ஏது என்று எண்ணுவோர்க்குப் பேரய்யாவின் வாழ்வே மறுமொழி. விளக்கு வருமுன்னரே திரி ஆயத்தமாக இருந்தது.

பேரய்யா தம் உறவினரிடையே ஊர் ஊராகச் சென்று பேசினார். 1867 சனவரியில் கிளஃப் அவ்வூர் அருகே ஒரு தோப்பில் கூடாரம் அமைத்துத் தங்கியபோது, சுற்று வட்டாரத்து மாதிகர்கள் சில நாளைக்கு வேண்டிய உணவையும் கட்டிக்கொண்டு வந்து கூடினர். அவர்களுள் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

இதனால் ஒங்கோலில் ஒரு சோதனை எழுந்தது. கிளஃபின் பள்ளிக்கு அதுகாறும் உயர்சாதிப் பிள்ளைகள் வந்து கொண்டிருந்தனர். மாதிகரைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் வீட்டார் கூறினர். கிளஃபும் அவர் மனைவியும் தனித்தனியே வேதத்தைத் திறந்தபோது, பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே இருவர் கண்ணிலும் பட்டது என்பர். உலகம் எளியதாகக் கருதியவற்றையே கடவுள் தெரிந்துகொண்டார் என்னும் பொருளமைந்த பகுதி அது. மாதிகரை விலக்குவதில்லை என்று அவர்கள் முடிவு செய்தனர். உயர்சாதிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நீங்கினர்.

மூன்று விதிகள்

புதிதாகச் சேர்ந்தோரிடம் கிளஃப் நீண்ட சட்டப் புத்தகம் எதையும் நீட்டவில்லை. மூன்று விதிகளையே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது, செத்த மாட்டிறைச்சி உண்ணலாகாது, விக்கிரகங்களை வணங்கலாகாது. எழுத்தறியாத முதியவரும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம்.

பார்வைக்கு இவை எளியவை. ஊர் வாழ்வில் இவை ஒவ்வொன்றும் எங்கே சென்று தைத்தன என்பதைக் காணுங்கள்.

முதல் விதியைப் பாருங்கள். பண்ணையாளுக்குத் தன்னுடைய நாள் என்று ஒரு நாள் அதுகாறும் இருந்ததில்லை. அழைத்தபோது செல்வதே முறை. ஏழில் ஒரு நாள் வரமாட்டேன் என்று அவன் சொல்லும்போது, தன் காலத்தில் ஒரு பகுதிக்குத் தானே உரியவன் என்று சொல்லிவிடுகிறான். அந்நாளில் கூடினர், பாடினர், எழுத்துக் கற்றனர்.

இரண்டாம் விதி, மாடு செத்தால் மாதிகன் வருவான் என்ற ஊர் ஏற்பாட்டையே அசைத்தது. இறைச்சியைக் கூலியாக ஏற்க மறுப்பவன், வேறு கூலி கேட்கும் நாள் தொலைவில் இல்லை என்பதை ஊரார் உணர்ந்தனர்.

மூன்றாம் விதியால் ஊர் விழாவில் தப்பொலி நின்றது. தப்படிக்க மாதிகர் இன்றி விழா நடவாது. அந்த விழாக்களிலேயே கள்ளும் வெறியாட்டும் மிகுதி. விழாவிலிருந்து விலகியவர் குடிக்கும் இடத்திலிருந்தும் குடிக்கும் வேளையிலிருந்தும் தாமாகவே விலகினர். ஒரு தீய பழக்கத்தை விட விரும்புவோர், அது வாழும் இடத்தையும் வேளையையும் முதலில் விட வேண்டும் என்னும் நுட்பத்தை இம்மக்கள் தம் அனுபவத்தால் கண்டனர்.

கொடுத்த விலை

ஊரார் வாளாவிருக்கவில்லை. மாதிகருக்கு வெளுக்கலாகாது என்று வண்ணாரிடம் சொல்லப்பட்டது. பானை விற்கலாகாது என்று குயவரிடம் சொல்லப்பட்டது. பொது மேய்ச்சல் நிலத்திலிருந்து அவர்கள் மாடுகள் விரட்டப்பட்டன. செருப்புத் தைக்கும் வேலையும் ஏர் வார் தைக்கும் வேலையும் நிறுத்தப்பட்டன. அறுவடைக்கு அழைக்காததால் ஆண்டு முழுமைக்கும் உரிய தானியம் போயிற்று.

இளைஞர்களே, இதனைச் சற்று நின்று எண்ணுங்கள். இவர்கள் செய்த குற்றம் யாது? செத்த மாட்டை உண்ணமாட்டோம் என்றனர். வாரத்தில் ஒரு நாள் கடவுளை வணங்குவோம் என்றனர். இழிந்த பழக்கமுடையவர் என்று எவரைப் பழித்தார்களோ, அவர்கள் அப்பழக்கத்தை விட்டபோது பாராட்டியிருக்க வேண்டும் அன்றோ? பாராட்டவில்லை, பட்டினி போட்டனர். பழக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பது அன்று வெளிப்பட்டது.

அவர்கள் நிலைத்து நின்றதற்குக் காரணம் என்ன? நம்பிக்கை என்பது முதற் காரணம். கடவுளின் கண்ணில் நாம் தாழ்ந்தவர் அல்லர் என்ற எண்ணம் வேரூன்றியவனை, மனிதன் தாழ்ந்தவன் என்று சொல்லிப் பணிய வைப்பது கடினம். கூட்டம் என்பது இரண்டாம் காரணம். இவர்கள் ஒற்றையாக வரவில்லை. குடும்பம் குடும்பமாக, சேரி சேரியாக வந்தனர். விட்ட பழக்கத்திற்குத் திரும்பும்படி அழைக்க, பக்கத்து வீட்டில் ஆள் இல்லாமற் போயிற்று.

பஞ்சமும் 1878உம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று மதிப்பிடுவர். அப்போது அரசு, பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயைத் தோண்டியது. சென்னை நகரின் ஊடே செல்லும் அதே கால்வாய்தான் வடக்கே ஒங்கோல் கடற்கரைப் பகுதி வரை நீள்கிறது. நில அளவை அறிந்த கிளஃப், அதன் ஒரு பகுதியைத் தோண்டும் ஒப்பந்தத்தை ஏற்றார். ஆயிரக்கணக்கான ஏழைகள் அங்கே மண் வெட்டிக் கூலி பெற்றனர். பேரய்யா போன்ற போதகர்களே மேற்பார்வையாளர்களாக இருந்தனர்.

சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பழிச்சொல் நம் மக்கள் மீது அடிக்கடி வீசப்படுவது. அதனால் அடுத்து நிகழ்ந்ததைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நிவாரணப் பணம் கையில் இருந்த காலத்தில், ஓராண்டுக்கு மேலாக, கிளஃப் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பஞ்ச வேலை முடிந்த பிறகே மக்கள் திரண்டு வந்தனர். உதவி எதுவும் இனி இல்லை, திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டபோது, அவர்கள் தம் கைகளின் கொப்புளங்களைக் காட்டி, நாங்கள் உழைத்துப் பிழைப்போம், எங்களுக்கு வேண்டியது ஞானஸ்நானமே என்ற கருத்தில் மறுமொழி கூறினர். 1878 சூலை 3ஆம் நாள், ஒங்கோலுக்கு வடக்கே குண்ட்லகம்மா ஆற்றங்கரையில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அதனை நிறைவேற்றியவர்கள் இந்தியப் போதகர்களே. அவ்வாண்டு முடிவதற்குள் 9,606 பேர் சேர்ந்தனர். 1880களின் தொடக்கத்தில் அத்தொகை 20,000ஐக் கடந்தது.

கூட்டம் பெருகியது, இனிக் கல்வி வேண்டும். இராமபட்டணத்தில் 1872இலேயே போதகர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அங்கே பயின்றோர் சேரிகளில் பள்ளி நடத்தினர். நேற்று வரை செத்த மாட்டைத் தூக்கிய குடும்பத்தின் மகன் இன்று பலகையில் எழுத்தெழுதிக் காட்டினான். இப்பள்ளிகள் இல்லாவிடில், மூன்று விதிகளும் ஒரு தலைமுறையோடு மறைந்திருக்கும் என்பது நம் கருத்து.

தோர்ணக்கல்லும் நான்கு பேய்களும்

இனி, ஒங்கோலிலிருந்து வடக்கே, அந்நாளைய நிஜாம் ஆட்சிப் பகுதிக்குச் செல்வோம். அங்கே தோர்ணக்கல் என்னும் இரயில் சந்திப்பு உண்டு. அதன் வரலாற்றில் தமிழகத்திற்கு நேரான பங்கு உண்டு.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நாடார் குலத்தவர், தந்தை ஒரு குருவானவர். அந்நாளில் அச்சமுதாயத்தார் பலர் பனையேறிப் பிழைத்தவர். கோயில் நுழைவு முதலிய உரிமைகள் மறுக்கப்பட்டவர். 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தம் சொந்தக் காசைக் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதற்கு முன்னின்றவருள் அசரியா ஒருவர். அச்சங்கம் தோர்ணக்கல் பகுதியைத் தன் பணிக்களமாக ஏற்றது. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் வீட்டில் இருப்பது தகாது என்று அவரே 1909இல் அங்குச் சென்றார், தெலுங்கு கற்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1945 சனவரியில் மறையும் வரை தோர்ணக்கல்லிலேயே பணியாற்றினார்.

அவர் மேய்த்த மக்களுள் மிகப் பெரும்பாலோர் மாலரும் மாதிகரும். அவர்களிடையே நான்கு பேய்கள் உள்ளன, அவற்றை ஓட்ட வேண்டும் என்று அவர் கூறி வந்தார். அழுக்கு, நோய், கடன், குடி என்பவையே அந்நான்கு. ஆங்கிலத்தில் இந்நான்கு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எளிதில் நினைவில் நின்றன.

இந்நான்கையும் ஒரே சங்கிலியாகக் கண்டதில் அவர் நுண்ணறிவு விளங்குகிறது. குடி கடனை விளைக்கும். கடன் வேலையாளை உடையவனிடம் கட்டிப்போடும். கட்டுண்டவனுக்கு நல்ல வீடும் நீரும் கிட்டா. அழுக்கு நோயை விளைக்கும். நோயின் வலியையும் உழைப்பின் களைப்பையும் மறக்க அவன் மீண்டும் கள்ளுக்கடைக்குச் செல்வான். இச்சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் அறுத்தால் மற்றவை மீண்டும் பிணைத்துவிடும். நான்கின் மீதும் ஒரு சேரக் கை வைக்க வேண்டும்.

அவர் வழி முறைகள் எளியவை. கிராமந்தோறும் ஓர் ஆசிரியர் இருந்தார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி; மாலையில் வயலிலிருந்து திரும்பிய பெரியோருக்குச் செபமும் பாடலும் வேதக் கதையும். தெலுங்கு மக்களுக்குப் பழகிய மெட்டுகளிலேயே பாடல்கள் அமைந்தன. இதில் ஒரு நுட்பம் உண்டு. கள்ளுக்கடை நிரம்பும் வேளையும் செபக்கூடம் நிரம்பும் வேளையும் ஒன்றே. வெறும் வயிற்றுடனும் வெறும் மனத்துடனும் வீடு திரும்புகிறவனைப் பார்த்துக் குடிக்காதே என்று சொல்லிவிட்டு, அவ்வேளைக்கு வேறொன்றைக் கொடாமற் போனால், அவன் எங்கே செல்வான்? பழக்கத்தை எடுத்த இடத்தில் மற்றொரு பழக்கத்தை நட்டனர்.

கடன் என்ற பேய்க்கு அவர் தம் வாழ்வையே மருந்தாகக் காட்டினார். 1898இல் நிகழ்ந்த அவருடைய திருமணம் சீதனமும் ஆடம்பரமும் இன்றி மிகக் குறைந்த செலவில் முடிந்தது. அவர் துணைவியார் அன்பு மாரியம்மாள், அக்காலத் தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முன்னோடிகளில் ஒருவர்; பெண்களிடையே பணி செய்தார். ஏழைகளும் கொடுக்கக் கற்க வேண்டும் என்று அசரியா வற்புறுத்தினார். உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் தென்னாட்டுச் சபைகளில் பரவியிருந்தது. ஒரு கைப்பிடி அரிசி சிறிதே. ஆயினும் என்றும் வாங்கியே பழகிய கை, கொடுக்கும் கையாக மாறும்போது அம்மனிதனின் நிமிர்வே வேறாகி விடுகிறது.

அவர் செய்த மற்றொன்று இன்னும் சிறப்புடையது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் தம் தலைமேல் கை வைத்து, நாங்களும் இந்நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டோம் என்று உறுதி கூறும்படி செய்தார். குடியை நேற்று விட்டவனும் இன்று சாட்சி சொல்ல வேண்டும். பிறருக்குச் சொன்னவன் மீண்டும் அதைச் செய்ய நாணுவான். அவர் காலத்தின் இறுதியில் அத்திருமண்டலத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டது. 1930களில், சேரி மக்களின் வாழ்வில் கண்ட மாற்றத்தால் கவரப்பட்டு உயர்சாதியாரும் பெருந்தொகையினராகச் சபையில் சேர்ந்தனர். சேரியைப் பார்த்து ஊர் கற்றுக்கொண்ட நிகழ்ச்சி அது.

ஆய்வு கூறியது

இம்மாற்றங்கள் மெய்தானா, வெறும் பெருமைப் பேச்சா என்று ஐயுறுவோர் அன்றும் இருந்தனர். ஜே. வாஸ்கம் பிக்கெட் என்ற அமெரிக்க மெதடிஸ்டு மிஷனரி, இந்தியாவின் பல பகுதிகளில் ஆய்வு நடத்தி 1933இல் நூலாக வெளியிட்டார். தோர்ணக்கல் திருமண்டலமும் அதில் இடம்பெற்றது. ஏறத்தாழ 4,000 பேரிடம், நீங்கள் ஏன் கிறிஸ்தவர் ஆனீர்கள் என்று கேட்டறிந்தார். சிலர் ஆன்ம விடுதலைக்காக என்றனர். சிலர் பிள்ளைகளின் கல்விக்காக என்றனர். சிலர் உறவினர் சேர்ந்ததால் சேர்ந்தோம் என்றனர்.

அவர் கண்ட முடிவு நமக்குப் பெரிதும் வேண்டுவது. எந்த நோக்கத்தோடு சேர்ந்தார்கள் என்பது அவர்களின் பிற்கால வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கவில்லை. சேர்ந்த பின் அவர்களுக்கு எத்தகைய போதனையும் வழிகாட்டலும் கிடைத்தன என்பதே தீர்மானித்தது. நல்ல ஆசிரியர் தொடர்ந்து இருந்த ஊரில் வாழ்வு உயர்ந்தது; கைவிடப்பட்ட ஊரில் தாழ்ந்தது. ஒரு நாள் உணர்ச்சி பழக்கத்தை முறிக்கும். பல ஆண்டுப் பயிற்சியே அதை மீண்டும் முளையாமல் காக்கும்.

எஞ்சி நின்ற குறைகள்

வரலாறு எழுதுவோர் நிறையை மட்டும் எழுதுதல் முறையன்று. செத்த மாட்டை விட்டவர் சாதியை விட்டாரில்லை. மாலர் ஒரு சபையிலும் மாதிகர் மற்றொரு சபையிலும் என்று பல இடங்களில் பிரிந்து நின்றனர். ஒன்றாக உண்ணவும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவும் தயங்கினர். உயர்சாதியிலிருந்து வந்தோரும் தம் சாதியைக் கூடவே கொண்டு வந்தனர். நாவின் பழக்கத்தை வெல்வதினும் நெஞ்சின் பழக்கத்தை வெல்வது அரிது போலும். தீய பழக்கங்களில் மிகப் பெரியது, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்று எண்ணி மகிழும் பழக்கமே. நம்மிடையேயும் அது அற்றுவிட்டதா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்க.

அரசும் அவர்களுக்கு முழு நீதி வழங்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்து சமயத்தாருக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான மாலரும் மாதிகரும் வெளியே நிறுத்தப்பட்டனர். சமயம் மாறியும் ஊரில் தீண்டாமை மாறவில்லை. உரிமை மட்டும் மாறிற்று.

இவ்வழி கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதும் அன்று. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில், செத்த மாட்டிறைச்சியை விட்டொழியுங்கள் என்று தம் மக்களை வேண்டினார். மறுநாள் அவர்கள் சவதார் குளத்திற்குச் சென்று தண்ணீர் அருந்தினர். திருந்துதலும் உரிமை கேட்டலும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன. குண்ட்லகம்மா ஆற்றில் இறங்கிய மாதிகரும் சவதார் குளத்தில் இறங்கிய மகாரும் நீரில் இறங்கியே நிமிர்ந்தனர்.

இளைஞர்க்கு

முதன்முதல் மிஷன் தொடங்கிய அதே நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற சிற்றூர் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் எழுத்துக் கற்ற பெண்கள், பாடத்தில் குடியின் கேட்டைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை. சாராயக் கடையை மூடினர். 1992இல் அது மாநிலமெங்கும் பரவிய போராட்டம் ஆயிற்று. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. அது சமய இயக்கம் அன்று. ஆயினும் அங்கும் கூட்டமும் பள்ளியும் துணிவும் ஒன்று சேர்ந்தே வென்றன.

தமிழகத்தில் 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையாக விற்று வருகிறது. அன்று ஆப்காரிக் குத்தகை. இன்று நேரடி விற்பனை. கூலியைக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பும் தந்தையை நம் மாணவர் பலர் அறிவர். அவனைப் பழிப்பதால் பயன் இல்லை. அவனுடைய மாலைப் பொழுதிற்கு நாம் எதைக் கொடுத்தோம் என்பதே வினா.

ஆகவே, நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இம்மலரைப் படித்து மூடி வைப்பதோடு நில்லாமல், நம் ஒவ்வொரு குடியிருப்பிலும் மாலை வேளையில் ஒரு படிப்பகம் நடைபெறச் செய்வோம். கற்றவர் ஒருவர் அதில் அமர்க. குடியை விட்டவர் ஒருவர், விட்ட வழியைத் தம் வாயால் சொல்க. கோயிலுக்குச் செல்வோர் கோயிலிலிருந்து வருக. தேவாலயத்திற்குச் செல்வோர் அங்கிருந்து வருக. விகாரைக்குச் செல்வோரும் வருக. பேரய்யா தோல் சுமந்து நடந்த பாதையில் தேடியதும், அசரியா நெல்லையை விட்டுச் சென்று நாடியதும் ஒன்றே: தம் மக்கள் எவர் முன்னும் கை ஏந்தாமல், எதற்கும் அடிமைப்படாமல், தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்பதே. அவ்வாழ்வு நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதாக.